கப்பலும் இடது கால் செருப்புகளும்

அவளை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கடலியல் படிக்கக் கல்லூரியில் சேர்ந்த அன்றே தாய்மாமா அவளுக்குக் ‘கப்பல்’ என்று பட்டம் சூட்டிவிட்டார். மாமாவுக்கு இரும்புக்கடை. ஆணி வாங்க வருகிறவனுக்குக்கூட ஒரு பட்டப்பெயர் வைக்காமல் அனுப்ப மாட்டார். “கப்பல் எழுந்தாச்சா?”, “கப்பல் குளிக்கப் போயிருக்கு” என்று வீட்டுப் பேச்சே அப்படி ஆகிப்போனது.

படிப்பு முடிந்ததும் முதல் வேலை தெருக்காரர்கள் கொடுத்ததுதான். எதிர்வீட்டு அக்கா அவளைக் கையோடு மீன்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“இது இன்னைக்குப் பிடிச்சதா, பழசா? பார்த்துச் சொல்லும்மா.”

“அக்கா, நான் படிச்சது அலை, நீரோட்டம், தண்ணியோட உப்பு, சூடு. மீன் எங்க பாடத்துலயே இல்லை.”

“மீன் இல்லாம என்ன கடலைப் படிச்சே?” என்று கேட்டுவிட்டு, அக்கா தானே ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

விஷயம் மாமா காதுக்குப் போனது. “அஞ்சு வருஷப் படிப்பு. கடல்ல கரைச்ச பெருங்காயம்” என்றார்.

ஆனால் ஆராய்ச்சிக் கப்பலில் வேலை கிடைத்தபோது மாமாதான் கடையைப் பூட்டிவிட்டு வழியனுப்ப வந்தார். துறைமுகத்தைத் தாண்டும்வரை அவள் மேல்தளத்தில் நின்று கையசைத்தாள். தாண்டியதும் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு அந்தப் பயணம் முழுவதும் கம்பியை விடவேயில்லை. கடல் குமட்டலுக்கு மாத்திரை, இஞ்சி, எலுமிச்சை, காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டை எதுவும் கேட்கவில்லை. ஆழ்கடல் தண்ணீரைப் புட்டியில் மொண்டு மேலே கொண்டுவருவதுதான் அவள் பொறுப்பு. ஒரு நாள் புட்டியைத் திறந்த நேரம் பார்த்து அதற்குள்ளேயே வாந்தி எடுத்துவிட்டாள். அந்தத் தண்ணீரைப் பரிசோதித்த ஆய்வகக்காரர் இதுவரை காணாத உயிர்ச்சத்து கிடைத்திருக்கிறது என்று துள்ளிக்கொண்டு ஓடிவந்தார். அவர் விளக்கி முடிக்கும் முன்பே தலைமை விஞ்ஞானியான பெண்மணி அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

“உனக்குக் கடலைப் பிடிச்சிருக்கு. அதுக்குத்தான் உன்னைப் பிடிக்கலை” என்றார் அவர் அன்பாகவே. “ஒருதலைக் காதல்ல உடம்பைக் கெடுத்துக்காதே. கரையில ஒரு வேலை பாரு.”

“கப்பல் கரை தட்டிடுச்சு” என்று மாமா ஊருக்கெல்லாம் சொன்னார்.

அடுத்த வேலை ஒரு பெரிய வணிக வளாகத்தின் மீன்காட்சியகத்தில். தொட்டித் தண்ணீரின் உப்பையும் சூட்டையும் கவனிக்கும் ‘கடல்சார் ஆலோசகர்’. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடல்கன்னி வேடம் போடும் பெண் காய்ச்சல் என்று வரவில்லை. மேலாளர் பச்சை வாலைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

“நீச்சல் தெரிஞ்சது நீ ஒருத்திதான்மா. இன்னைக்கு ஒரு நாள் சமாளி.”

மகளின் ஆபீசைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவும் மாமாவும் அதே ஞாயிற்றுக்கிழமைதான் கிளம்பி வந்திருந்தார்கள். கண்ணாடிக்கு உள்ளே வாலை ஆட்டியபடி திரும்பியவள், வெளியே அம்மா கூட்டத்தோடு நின்று கையசைப்பதைப் பார்த்தாள். மாமாவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பட்டப்பெயரும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டது ஒன்றுதான்: “தண்ணிக்குள்ள வாந்தி வரலையாடி?”

மறுவாரம் அவள் வேலையை விட்டாள்.

அதற்கடுத்த வேலை சரக்குக் காப்பீட்டு அலுவலகத்தில். ஜன்னல் இல்லாத அறை. ஆடாத நாற்காலி. அதற்காகவே அவளுக்கு அந்த இடம் பிடித்துப்போனது. சேர்ந்த புதிதில் ஒரு சரக்குக் கப்பல் புயலில் சாய்ந்து, மஞ்சள் ரப்பர் செருப்பு நிறைந்த பெட்டிகள் கடலில் விழுந்துவிட்டன. எல்லாம் மூழ்கிவிட்டன என்று செருப்புக் கம்பெனி எழுதி இழப்பீடு கேட்டது.

“மூழ்காது சார்” என்றாள் மேலாளரிடம். “பெட்டி உடைஞ்சா செருப்பு மிதக்கும். காத்தையும் நீரோட்டத்தையும் வச்சுக் கணக்குப் போட்டேன். வடக்கே ஒரு வளைகுடாவுல ஒதுங்கியிருக்கணும்.”

மேலாளர் சந்தேகப் பேர்வழி. பெற்ற பிள்ளை தேர்வில் தேறினாலும் விடைத்தாளைக் கேட்கிறவர். காரை எடுத்துக்கொண்டு அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

அந்தக் கடற்கரை ஊரில் டீக்கடைக்காரர், தபால்காரர், முடிவெட்டுகிறவர், வெயிலில் நின்ற போலீஸ்காரர் எல்லார் காலிலும் மஞ்சள் செருப்பு. ஆனால் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தார்கள். மேலாளர் குனிந்து பார்த்தார். டீக்கடைக்காரரின் இரண்டு காலிலும் இடது கால் செருப்பு.

“வலது கால் செருப்பு எங்கேங்க?”

“கரைக்கு வந்ததே இது மட்டும்தாங்க. கொடுக்கிற கடலை என்னன்னு கேக்கறது? ரெண்டு நாள் கடிச்சுது. இப்பப் பழகிடுச்சு.”

கப்பல் ஒரு செருப்பை வாங்கிக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. “சார், வலதும் இடதும் வளைவு மாறினது. காத்து ஒண்ணை இந்தப் பக்கம் தள்ளினா இன்னொண்ணை அந்தப் பக்கம் தள்ளும். வலதெல்லாம் அந்த முனைக்கு அப்பால இருக்கற ஊருக்குப் போயிருக்கும்.”

“அந்த ஊரா?” டீக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “வலைத் தகராறுலேருந்து நாங்க அவங்ககூடப் பேசறதில்லைங்க.”

முனைக்கு அப்பாலிருந்த ஊரில் எல்லாரும் மறுபக்கம் சாய்ந்து நடந்துகொண்டிருந்தார்கள்.

மேலாளர் காருக்குள் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவளுடைய கணக்குத்தாளை வாங்கி ஒரு முறை கும்பிட்டுவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார். செருப்பை மாற்றிக்கொள்ளும் பேச்சை யார் தொடங்குவது என்பதில் இரண்டு ஊரும் விறைப்பாகவே நின்றன. கடைசியில் அவளே இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு கோணிப்பையை விரித்து, “ஆளுக்கு ஒண்ணு போடுங்க, ஒண்ணு எடுங்க. பேச வேண்டாம்” என்றாள். பேசாமல்தான் ஆரம்பித்தார்கள். அளவு பொருந்தாமல் வாய் திறக்க வேண்டியதாயிற்று. பொழுது சாய்வதற்குள் டீக்கடைக்காரர் எதிர் ஊர்க்காரர்களுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

செய்தி பத்திரிகையில் வந்தது. கடலோர மீட்புப் படையிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. “செருப்பு போற வழி தெரியும்னா, ஆள் போற வழியும் தெரியுமா?” என்று நேர்காணலில் கேட்டார் அதிகாரி.

“ஆள் கனம் அதிகம் சார். காத்து அவ்வளவாத் தள்ளாது. தண்ணி இழுக்கும். கணக்கு வேற, ஆனா போடலாம்.”

இன்று அவள் இருப்பது மீட்புப் படையின் கட்டுப்பாட்டு அறையில். முதல் மழைக்காலத்திலேயே இயந்திரம் நின்றுபோன படகொன்று அப்பாவையும் மகனையும் சுமந்துகொண்டு காணாமல் போனது. எல்லாரும் கிழக்கே தேடியபோது அவள் வரைபடத்தில் தெற்கே ஒரு வட்டம் போட்டாள். அழித்துவிட்டு மறுபடி கணக்குப் போட்டாள். அதே இடத்தில்தான் வந்து நின்றது. மீட்புப் படகு அந்த வட்டத்தின் ஓரத்தில் அவர்களைக் கண்டுபிடித்தது.

கரை சேர்ந்த தகப்பன் அவளுக்குத் தொலைபேசினார். “நாங்க எங்க போறோம்னு எங்களுக்கே தெரியலை. உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சது?”

“முதல்ல கொஞ்சம் தூங்குங்கண்ணே” என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அவள் முகத்தைப் பார்த்து, “என்னடி, அழுதியா?” என்றார்.

“ரெண்டு பேர் பத்திரமா வீடு போய்ச் சேர்ந்துட்டாங்கம்மா.”

“யாரு, நமக்குத் தெரிஞ்சவங்களா?”

“இல்லைம்மா.”

“சரி, கையைக் கழுவிட்டு வா. சோறு ஆறுது” என்று அம்மா தட்டை எடுத்து வைத்தார்.