கட்டாமல் நின்ற தக்காளி

என் அக்காவின் வீட்டுக்காரர் வெல்டர். எங்கள் ஊரில் பாதி ஜன்னல்களின் கம்பி அவர் கைவேலை. இரும்பை வளைக்கத் தெரிந்த மனிதருக்கு வாயைத் திறக்க மட்டும் தெரியாது. மாடியில் குடியிருக்கிற பாவத்துக்கு, அவருக்கும் சேர்த்து இந்த வீட்டில் நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அக்காவுக்கு மறதி நோய். முதலில் சாவியை மறந்தாள். அப்புறம் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். போன வருடம் பெற்ற பிள்ளையின் பெயரே மறந்துபோனது. கொல்லைப்புறத்துத் தக்காளிப் பாத்தி மட்டும் அவளுக்கு மறக்கவில்லை. செடி இருந்தால் பொழுதெல்லாம் அங்கேயே இருப்பாள். காய்ப்பு முடிந்து பாத்தி காலியாகிவிட்டால் வாசல் கதவைத் திறந்துகொண்டு, "நான் வீட்டுக்குப் போறேன்" என்று தெருவில் இறங்கிவிடுவாள். அப்படிப் போனபோது ஒரு தடவை லாரிக்காரன் பிரேக் போட்டதால் பிழைத்தாள்.

வெளியூரில் வேலை பார்க்கும் அவள் மகன் போனில் கறாராகச் சொல்லிவிட்டான். "இன்னொரு தடவை அம்மா தெருவுக்குப் போனாங்கன்னா, நான் வந்து ஹோம்ல சேர்த்துடுவேன்ப்பா. உங்களால முடியாது." அத்தான் போனை என்னிடம் நீட்டினார். நான் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினேன். ஆனால் அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

அதுவரை மண்ணைத் தொடாத அத்தான் நாற்று வாங்கி வந்து நட்டார். "குச்சிய இப்பவே ஊனிடுங்க அத்தான். செடி பெருசானப்புறம் அடிச்சா வேர் அறுந்துடும்" என்றேன். ஊன்றினார். செடி வளர வளர, கிழிந்த பனியனை நாடா நாடாவாகக் கிழித்து, தண்டை நெரிக்காமல் எட்டுப் போட்ட மாதிரி தளர்வாகக் கட்டினார். மறுநாள் பார்த்தால் எல்லா முடிச்சும் அவிழ்ந்து, செடிகள் மண்ணில் கிடந்தன. நடுவில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"யாரு இதுங்களக் கட்டிப் போட்டது? பாவம், என்ன தப்பு பண்ணுச்சுங்க?"

இவர் கட்ட, அவள் அவிழ்க்க, இதே பிழைப்பாகப் போயிற்று. ஒருநாள் பொறுக்காமல் அக்காவிடம் கத்திவிட்டேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் என் வாயில் நானே போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அடுத்ததாக அத்தான் இரண்டு பைப்புக்கு மேல் குறுக்குக் கம்பி வைத்து, கயிறு தொங்கவிட்டு, தண்டை அதில் சுற்றிவிட்டார். அவிழ்க்க முடிச்சு இல்லை அல்லவா? அக்கா சுற்றைப் பிரித்தாள். இரண்டு செடி கழுத்தோடு ஒடிந்தது. ஒடிந்ததை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். அத்தான் பட்டறைக்குள் போய்விட்டார். இரும்பு எதுவும் அறுபடாமல் கிரைண்டர் மட்டும் வெகுநேரம் ஓடியது. நான் எட்டிப் பார்க்கவில்லை.

மூன்றாவதாகத்தான் கூண்டு செய்தார். மெல்லிய கம்பியில் மூன்று வளையம், நாலு கால், பழத்தோடு கை வெளியே வருகிற அளவுக்கு இடைவெளி. அக்கா கையைக் கிழித்துவிடாதபடி முனைகளை அரம் போட்டு வழவழப்பாக்கினார். கிளைகள் வளையத்தின்மேல் சாய்ந்து தாமாகவே நின்றன. அக்கா விரலால் ஒவ்வொன்றாகத் தடவி முடிச்சைத் தேடினாள். இல்லை. "நல்லா நிக்குதுங்க" என்று சிரித்தாள்.

"பாத்தியா? கட்டாமலே நிக்குது" என்றார் அத்தான். அவராக வந்து என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"விட்டா பெயின்ட்டும் அடிப்பீங்க போல!" என்று கிண்டல் செய்தேன். மறுநாள் எல்லாக் கூண்டும் பச்சை நிறத்தில் நின்றன.

அவிழ்க்க முடிச்சில்லாமல் போனதும் அக்காவுக்கு அங்கே வேலையே இல்லாமல் போய்விட்டது. இது எங்கள் இரண்டு மரமண்டைக்கும் உறைக்கவில்லை. செடி நிறையப் பழம் சிவந்திருந்த ஒரு காலையில் அவள் தெருமுனையில் நின்றாள். நல்லவேளை, என் கண்ணில் பட்டாள்.

மகன் காதுக்குப் போவதற்குள் அத்தான் மிச்சக் கம்பியில் வாசலுக்கு ஒரு கேட் போட்டுப் பூட்டினார். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றாள். வெளியே வெல்டிங் கண்ணாடியும் கையுமாக அவர் நின்றார்.

"ஐயா, இதக் கொஞ்சம் தெறந்து விடுங்க. எங்க வீட்டுக்காரர் சாப்பிடாம உக்காந்திருப்பாரு. அவரா கேக்க மாட்டாரு. நான்தான் பாத்துப் போடணும்."

கல்யாணமான நாளிலிருந்து 'என்னங்க' என்று மட்டுமே கூப்பிட்டவள், அவரை ஐயா என்றாள். அத்தான் பூட்டைத் திறந்தார். அவளோடு தெருவைச் சுற்றி நடந்துவிட்டுத் திரும்பிவந்து, கேட்டையே அறுத்து எடுத்தார். பிறகு தானே மகனுக்குப் போன் செய்தார். "பட்டறைய மூடிட்டேன். இனிமே நான் அவ கூடவேதான் இருக்கப் போறேன். ஹோம் வேணாம்." அவன், "உங்க இஷ்டம்ப்பா" என்றானாம்.

அன்றே கூண்டுகளை எல்லாம் கழற்றிவிட்டுச் செடிகளைப் பழையபடி குச்சியில் துணி நாடாவால் கட்டினார். இப்போது தினமும் அக்கா அவிழ்க்கிறாள். மத்தியானம் அவள் கண்ணயர்ந்ததும் அவர் போய் மறுபடி கட்டுகிறார். சில கிளைகள் ஒடிகின்றன, பழங்கள் மண்ணில் அழுகுகின்றன. அவர் கண்டுகொள்வதில்லை.

நேற்று மாடியிலிருந்து பார்த்தேன். அவள் அவிழ்க்க, செடி சரியாமல் அவர் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க நல்லவரா இருக்கீங்க. எங்க வீட்டுக்காரர் வந்தா, நான் இங்கதான் இருக்கேன்னு சொல்றீங்களா?"

"சொல்றேம்மா" என்றார் அத்தான்.

"மறந்துடாதீங்க. பாவம், தேடுவாரு."

அவர் சரியென்று தலையாட்டிவிட்டு, அடுத்த செடியைப் பிடித்துக்கொண்டார்.