மஞ்சள் ஜட்டிக்காரன் ஏன் அடித்தான்?

ஈயம் உருகும் வாடை இருக்கிறதே... எத்தனை சோப்புப் போட்டுக் கை கழுவினாலும் சோற்றில் வரும். தொண்ணூறுகளின் நடுவில், தாம்பரத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ரேடியோ போர்டுக்குப் பற்றவைக்கும் வேலை எனக்கு.

நான் இரண்டாவது ஷிப்ட். தோழி விஜயா முதல் ஷிப்ட். மதியம் இரண்டு மணிக்கு அவள் செருப்பை மாட்டுவாள், நான் கழற்றுவேன். அந்தப் பத்து நிமிஷம்தான் எங்களுக்கு.

பேச்சு முழுக்க டிவி மல்யுத்தம்! சிரிக்காதீர்கள். கேபிள் வந்த புதிதில் பக்கத்து வீட்டில் பார்த்துப் பைத்தியமானவள் நான். வேலைக்குச் சேர்ந்த பிறகு, அது ஓடும் சாயங்காலம் கம்பெனியில் இருப்பேன். அனகாபுத்தூரில் விஜயா வீட்டில் கேபிள் உண்டு. அவள் பார்த்துவிட்டு மறுநாள் எனக்குச் சொல்வாள்.

இங்கிலீஷ் பெயரெல்லாம் எங்கள் வாயில் நுழையாது. என் ஆள் தாடிக்காரன். அவனுடைய உயிர் நண்பன் மஞ்சள் ஜட்டிக்காரன்.

ஒரு நாள் விஜயா ஓடி வந்தாள்.

"மஞ்சா ஜட்டி சேரைத் தூக்கி தாடிக்காரன் மண்டையிலயே போட்டான்டி!"

"ஏன்டி?"

"அவன் தங்கச்சியக் கட்டிக்கிறேன்னு சொல்லி தாடிக்காரன் ஏமாத்திட்டானாம்."

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. என் ஆளா இப்படி...

இரண்டு வாரத்தில் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்களாம்.

"அப்ப தங்கச்சி?"

"அவ வேற ஒருத்தனக் கட்டிக்கினா. இனிமே இன்னா சண்டைன்னு வுட்டுட்டானுங்க."

நியாயம்தானே!

ஆயுத பூஜை லீவில் விஜயா என்னை வீட்டுக்கு அழைத்துப் போனாள். டிவி முன்னால் உட்கார்ந்தேன். திடீரென்று மல்யுத்த மேடையில் விளக்கெல்லாம் அணைந்தது. முகமூடிக்காரன் ஒருவன் குதித்து தாடிக்காரனை வெளுத்து வாங்கினான். முகமூடியைக் கழற்றினால்... மஞ்சள் ஜட்டி! கூட்டம் கத்துகிறது. உடனே சோப்பு விளம்பரம்.

"இப்ப ஏன்டி அடிச்சான்? தங்கச்சி எங்க?"

விஜயா தலையில் அடித்துக்கொண்டாள். "தங்கச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவனுங்க எதுக்குமே காரணம் சொல்றதில்லடி. திடீர்னு சேர்றானுங்க, திடீர்னு அடிச்சிக்கிறானுங்க. நீ ஏன் ஏன்னு உயிர வாங்குவ. கம்பெனி லைன்ல குந்திகினு நான்தான் யோசிச்சு வெப்பேன்."

நாலு நாள் அவளோடு பேசவில்லை. ஏமாற்றிவிட்டாளே என்று கோபம். பிறகுதான் உறைத்தது, என்னை ஏமாற்றியது அவளா, அந்த நிகழ்ச்சியா? ஐந்தாம் நாள் செருப்பு அலமாரியருகே நானே போய் நின்றேன்.

"சரி, முகமூடி எதுக்குடி போட்டான்?"

"இருடி, யோசிச்சுச் சொல்றேன்."

அந்த வாரமே அவளுக்கு நிச்சயதார்த்தம். அப்புறம் எங்கள் பத்து நிமிஷமும் புடவை, பாத்திரம் என்றே போனது. தை மாதம் கல்யாணம், ஓசூர் போய்விட்டாள்.

இப்போது என் மகன் போனில் அதே மல்யுத்தம் பார்க்கிறான். வாரம் தவறாமல் ஒருவன் நண்பனை அடிக்கிறான்.

"ஏன்டா அடிச்சான்?"

"ட்விஸ்ட்டும்மா. ஷாக் ஆயிட்டல்ல? அவ்ளோதான்."

எரிச்சல் எரிச்சலாக வருகிறது. திடுக்கிட வைக்கக் கதை எதற்கு? கதவுக்குப் பின்னால் நின்று 'பே' என்று கத்தினால் போதுமே!

போன வாரம் பொறுக்க முடியாமல் விஜயா சொன்ன கதையை அவனுக்குச் சொன்னேன். தங்கச்சி, ஏமாற்று, சமாதானம், முகமூடி எல்லாம். பாதியிலேயே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

"அப்புறம்? முகமூடி எதுக்கும்மா போட்டான்?"

"தெரியாதுடா... விஜயாவுக்குத்தான் தெரியும்."