சீவரத்தினத்தின் வலது கை

சனிக்கிழமை மத்தியானம் யசிந்தா ரீச்சர் தன் பழைய வெள்ளைக் காரைத் மன்னார் தோட்டவெளி மெக்கானிக் கராச்சுக்குள் கொண்டுவந்து விட்டபோது, சீவரத்தினம் சாப்பிட்ட களையில் மரவாங்கிலே சரிந்து கிடந்தார். எழும்ப மனமேயில்லை. அறுபத்தொரு வயசு, முழங்கால் இரண்டும் சொல்வழி கேட்பதில்லை. காலமையிலிருந்து ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினோடு மல்லுக்கட்டியதில் இடுப்பென்று ஒன்று இருந்ததே மறந்துபோயிற்று. ஆனாலும் ரீச்சரின் காரென்றால் எழும்பத்தானே வேணும்.

"அண்ணை, டாங்கை முழுக்கக் கழுவித் தாங்கோ. அந்த மண்ணெண்ணெய்க்காரி ஊத்தினதிலை ஒரு சொட்டும் மிஞ்சக்கூடாது. நாளையிண்டைக்குத் திரும்ப யாழ்ப்பாணம் போகவேணும்."

ரீச்சர் பென்சன் எடுத்தவர். தங்கச்சிக்குப் புற்றுநோய். திங்கட்கிழமை தோறும் யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரியில் மருந்து ஏற்றவேணும், அதற்கு ரீச்சர்தான் சாரதி. போன திங்கள் வழக்கத்துக்கு மாறாக வெள்ளாங்குளத்துக்குக் கிட்டவே பெற்றோல் முள்ளு படுத்துவிட்டது. ரோட்டோரப் பெட்டிக்கடையில் செல்லாயி என்ற மனுசி போத்திலில் விற்பதை ஐந்து போத்தில் வாங்கி நாலை ஊற்றினார். கூப்பிடு தூரம் போகவில்லை, பொனற்றுக்குள்ளால் ஆவி கிளம்பிக் கார் நின்றுவிட்டது.

உடனே ரீச்சர் போன் எடுத்தது சீவரத்தினத்துக்குத்தான். அவர் அப்போது ஒரு வானுக்குக் கீழே மல்லாந்து கிடந்தார், நெற்றியில் ஒயில் சொட்டிக்கொண்டிருந்தது. கதை முடிந்தால் போதுமென்று இருந்தது மனுசனுக்கு. "போத்தில் பெற்றோலோ? பிறகென்ன கேள்வி ரீச்சர், மண்ணெண்ணெய் கலந்திருப்பாள்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அவ்வளவுதான். ரீச்சர் கடைக்குத் திரும்பி நடந்து, பஸ்ஸுக்கு நின்ற சனத்துக்கு முன்னால் செல்லாயியைக் கிழி கிழியென்று கிழித்தார். கார் ஆறி, தண்ணீர் விட்டு, யாழ்ப்பாணம் போய்ச்சேர நேரம் தப்பிவிட்டது. அடுத்த கிழமை வாங்கோவென்று தங்கச்சியை அனுப்பிவிட்டார்கள்.

"இப்ப ஒரு குஞ்சும் அவளிட்டை வாங்குறேல்லையாம். பஸ்காரரிட்டையும் சொல்லிப்போட்டன்" என்றார் ரீச்சர், கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு. குரலில் ஒரு திருப்தி.

மிஞ்சின ஐந்தாவது போத்தில் காருக்குள்ளேயே கிடந்தது. சீவரத்தினம் அதில் கொஞ்சத்தை ஒரு பேணியில் ஊற்றினார். மணந்து பார்த்தார். விரலில் தேய்த்துப் பார்த்தார். சீமெந்துத் தரையில் ஒரு கையளவு ஊற்றிவிட்டு நின்றார். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் ஊற்றின இடத்தில் பிசுக்குக் கறை கிடக்கும். இது மளமளவென்று காய்ந்தது, கறையின் சுவடே இல்லை. அடக் கடவுளே, தங்கமான பெற்றோல்!

அப்ப ஏன் கொதித்தது? ரேடியேற்றர் ஒழுகவில்லை, விசிறி சுற்றுகிறது. மூன்று கிழமைக்கு முதல் இதே காருக்கு ரைமிங், அதாவது பிளக் நெருப்புப் பொறி விடுகிற நேரம், வைத்துக் கொடுத்தது அவர்தான். ரைமிங் லைட்டை எடுத்து முதலாம் பிளக் வயரில் கொழுவினார். எஞ்சினைச் சூடாக்கினார். பொனற்றுக்குள் இருக்கும் சின்னக் கறுப்புப் பெட்டியின் இரண்டு துளையை ஒரு துண்டு வயரால் இணைத்தார். இணைத்தால்தான் காரின் கொம்பியூட்டர் தன்பாட்டில் ரைமிங்கைக் கூட்டிக் குறைக்காமல் சும்மா இருக்கும், உள்ளது உள்ளபடி தெரியும். லைட்டைப் பிடித்தார். கீழே சுற்றுகிற புல்லிச் சில்லின் கோடு பத்துப் பாகையில் நிற்கவேண்டும். நின்றது ஐந்தில்.

நெருப்புப் பிந்திப் பிடிக்கிறது. பிந்தினால் இழுவை இருக்காது, பெற்றோலைக் குடிக்கும், தூர ஓட்டத்தில் கொதிக்கும். மன்னாருக்குள் கடைக்கும் கோயிலுக்கும் ஓடினால் ஒன்றும் தெரியாது.

ஆரேன் கை வைத்தார்களோ என்று பிளக்குகளுக்கு நெருப்பைப் பிரித்துவிடுகிற டிஸ்ரிபியூட்டரின் ஆணியைப் பார்த்தார். இறுக்கி முடித்ததும் தன் மனுசி நகத்துக்குப் பூசுகிற சிவப்புக் கியூடெக்ஸால் ஆணியில் ஒரு கோடு இழுத்துவிடுவது அவர் வழக்கம். அந்தக் கோடு முறியாமல் அப்படியே இருந்தது. வேறு ஒருத்தரும் தொடவில்லை.

ஆணியைத் தளர்த்தி, டிஸ்ரிபியூட்டரை மெல்லத் திருப்பிப் பத்துக்குக் கொண்டுவந்தார். இறுக்கப் போகையில்தான் கண்டார், தன்னுடைய வலது கை தன்பாட்டில் அதை ஒரு நூல் பின்னுக்குத் தள்ளுகிறது. லைட்டைப் பிடித்தார். ஆறு.

"சீ, பாழாய்ப்போன கை!"

சண்டைக் காலத்துப் பொருளாதாரத் தடையில், அவர் அப்போது வேலை பார்த்த வன்னியில் பெற்றோல் மருந்துக்கும் இல்லை. ஸ்ராட் பண்ண மட்டும் இரண்டு சொட்டு விட்டுவிட்டு, மண்ணெண்ணெயில்தான் கார் ஓடியது. மண்ணெண்ணெய்க்கு எஞ்சின் டக்டக்கென்று அடிக்கும். அடிக்காமலிருக்க ரைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளவேணும். எத்தனை வருசம், எத்தனை நூறு எஞ்சின்! சண்டை முடிந்தது, தடை போனது, அவர் பேரப்பிள்ளையும் கண்டாயிற்று. கை மட்டும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. உற்சாகமாக இருக்கிற நாளில் இறுக்கின பிறகும் ஒருக்கால் லைட்டைப் பிடித்துப் பார்ப்பார், பிழை அகப்பட்டுவிடும். களைத்த நாளில் பார்ப்பதில்லை. இப்போதெல்லாம் எந்த நாள்தான் களைக்காத நாள்?

இந்த முறை இடது கையால் டிஸ்ரிபியூட்டரை அமுக்கிப் பிடித்து, இறுக்கி, திரும்ப லைட்டைப் பிடித்தார். பத்து. வயர்த்துண்டைக் கழற்றினார். டாங் கழுவியாச்சு ரீச்சர் என்று ஒரு வார்த்தை சொன்னால் அலுவல் முடிந்தது. ஒரு குருவிக்கும் தெரியவராது, அவரும் போய்ப் படுக்கலாம். படுக்கவேணும் போலத்தான் இருந்தது. ஆனால் அந்த மனுசியின் கடையில் ஒரு குஞ்சும் வாங்குவதில்லையாமே.

"ரீச்சர், பெற்றோல் நல்ல பெற்றோல். பிழை என்ர. ரைமிங்கை நான்தான் பிழையா வைச்சு விட்டனான். போனிலையும் பாக்காமல் வாய்க்கு வந்ததைச் சொல்லிப்போட்டன்."

ரீச்சர் கதிரையை விட்டு எழும்பினார். "அப்ப என்ர தங்கச்சிக்கு ஒரு கிழமை மருந்து தப்பினது?"

"அதுவும் என்னாலைதான்."

"நாலு சனத்துக்கு முன்னாலை நான் அந்த மனுசியை என்னென்ன சொன்னனான் தெரியுமோ?" ரீச்சர் கார்க் கதவைத் திறந்தார். "ஏறுங்கோ காரிலை. நீங்களே வந்து சொல்லுங்கோ."

எப்படியும் தூர ஓட்டத்தில் பார்க்காமல் திங்கட்கிழமைக்குக் காரை விடமுடியாது. வெள்ளாங்குளம்வரை ரீச்சரே ஓட்டினார். சூட்டு முள்ளு பாதியைத் தாண்டவில்லை, கார் பஞ்சிப்படாமல், மூச்சு வாங்காமல் இழுத்தது. சீவரத்தினத்துக்கு அதில் ஒரு சந்தோசமும் வரவில்லை.

காரைக் கண்டதும் செல்லாயி கடைக்குள்ளிருந்து பயந்து வெளியே வந்தாள். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறின குடும்பம், பேச்சு இன்னும் அந்தப் பக்கத்துப் பேச்சுத்தான். "டீச்சரம்மா, இப்ப நான் பெட்ரோல் விக்கிறதில்லீங்க."

சீவரத்தினம் இறங்கி நின்று எல்லாவற்றையும் சொன்னார். ஒளிக்கவில்லை. ரீச்சர் பக்கத்தில் தலை குனிந்து நின்றார்.

"நீங்கதானா அந்த மெக்கானிக்கு?" என்றாள் செல்லாயி. "மெக்கானிக்கு சொன்னாருன்னு டீச்சரம்மா சொன்னதும் நானும் நம்பிட்டேங்க ஐயா. பெட்ரோல் எடுத்துட்டு வர்றது எங்க வீட்டுக்காரரு சின்னத்தம்பிதான். நீதான் கலந்துட்டேன்னு அவரைப் புடிச்சுக்கிட்டேன். புள்ள தலையில அடிச்சு சத்தியம் பண்ணுனாரு. நான் காதுல வாங்கல. சோத்துத் தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போனவரு, அஞ்சு நாளாச்சு. வவுனியாவுல கட்டட வேலையில இருக்காராம். நான் எடுத்தா போனு எடுக்கமாட்டேங்குறாரு."

சீவரத்தினம் கடை வாசல் மண்ணிலேயே குந்திவிட்டார். "நம்பரைச் சொல்லு பிள்ளை" என்று தன் போனை எடுத்தார்.

சின்னத்தம்பி நாலாவது மணியில் எடுத்தான். "அலோ, யாருங்க?"

"தம்பி, நான் மன்னார் மெக்கானிக் சீவரத்தினம். உங்கட பெற்றோலிலை மண்ணெண்ணெய் கலந்திருக்கெண்டு சொன்னவன் நான்தான். அது பொய், தம்பி. கார் நிண்டது என்ர பிழையாலை. வைச்சிடாதேங்கோ, உங்கட மனுசி பக்கத்திலை நிக்கிறா. அவவுக்கும் சொல்லிப்போட்டன்."

"நான் சத்தியம் பண்ணுனப்ப நம்பாதவ," என்றான் சின்னத்தம்பி, "நீங்க சொன்னதும் நம்பிட்டாளாக்கும்?"

சீவரத்தினம் போனைச் செல்லாயியிடம் நீட்டினார். அவள் அதை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்தப் பக்கம் அவன் போனை வைக்கவில்லை.