மேஸ்திரி வீட்டுத் தரை

கன்னத்தில் ஒற்றிப் பார்க்கிறார் டைல்ஸ் மேஸ்திரி. பழைய வீடொன்றின் தரையைப் பெயர்த்தபோது மண்ணோடு வந்த கோலிக்குண்டு அது. சில்லென்று இருந்தால் கல். அவ்வளவு குளிர்ச்சி இல்லையென்றால் கண்ணாடி. பிறகு கட்டைவிரலால் தடவுகிறார். சொரசொரவென்று ஒரு தழும்பு தட்டுப்பட்டால் முகம் மலர்ந்துவிடும். கண்ணாடிக் கம்பியிலிருந்து கையால் வெட்டியெடுத்த அந்தக் காலத்துக் குண்டு என்பதற்கு அதுதான் அடையாளம். "மெஷின்ல செஞ்சது மொழுமொழுன்னு இருக்கும். அதுல என்ன இருக்கு?" என்பார்.

வீட்டு அலமாரியில் தட்டுத் தட்டாகக் குண்டுகள். நீலச் சுழி, தேன் நிறம், பாசி நிறம். மனைவியின் புடவைகளுக்குத்தான் இடமில்லை. ஆனால் எந்தக் குண்டும் நேராக அலமாரிக்குப் போகாது. முதலில் கூடத்துத் தரையில் வைத்துப் பார்ப்பார். அவர் கையால் போட்ட தரை; தண்ணீரைக் கொட்டினால் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் முழிக்கும். குண்டும் வைத்த இடத்தில் நிற்கும். அதில் அவருக்கு ஒரு திருப்தி.

நிற்காத குண்டு ஒன்று மட்டும் உண்டு. கறுப்பு, உள்ளே பால் நிறத்தில் ஒரு முறுக்கு. வந்த அன்றே மெல்ல உருண்டு, முன்னறையில் அவருடைய அண்ணன் உட்கார்ந்திருந்த கட்டிலுக்கு அடியில் போய் நின்றது. ரசமட்டம் வைத்துப் பார்த்தார். தரையில் குற்றமில்லை. "ஒழுங்கா பாத்துப் போட்டியாடா?" என்று அண்ணன் கேலி செய்தார். தலைவலி என்றுகூடப் படுக்காத மனிதர் அந்த மாதமே போய்ச் சேர்ந்தார். அதன்பிறகு குண்டு எங்கே வைத்தாலும் அசையவில்லை.

இப்போது மறுபடி நகர்கிறது. மனைவி சமையலறையில் நின்றால் அங்கே. தையல் மெஷினில் உட்கார்ந்தால் அங்கே.

"ஊர்ல எல்லார் வீட்டுத் தரையையும் சரி பண்றீங்க. நம்ம வீடு உள்வாங்குறது கண்ணுக்குத் தெரியல," என்று காலில் இடித்த குண்டை எடுத்து அவரிடமே கொடுத்தாள். மேஸ்திரிக்கு அண்ணனின் கட்டில் நினைவுக்கு வந்தது. தூக்கி எறிந்துவிடலாம்தான். சொல்கிற வாயை அடைத்தால் வருவது நின்றுவிடுமா?

ஏதோ சாக்குச் சொல்லி அவளை டாக்டரிடம் கூட்டிப்போனார். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குமேல் அவருக்குத் தெரிந்தது ஒரே தொழில். கூடத்துத் தரையை முழுக்கப் பெயர்த்து மறுபடி போட்டார், இந்த முறை வாட்டம் கொடுத்து. தையல் மெஷின் பக்கம் உயரம். தன் கட்டில் பக்கம் தாழ்வு. தெரிந்தே கோணலாக அவர் செய்த முதல் வேலை.

"என்னங்க இது, தைக்க உக்காந்தா சறுக்கி உங்ககிட்டயே வந்துடுவேன் போல," என்று சிரித்தாள், மெஷின் காலுக்கு அடியில் அட்டையை மடித்துச் சொருகியபடி.

"வந்தா வா," என்றார்.

நேற்று மாலை அவள் முதுகைக் காட்டித் தைத்துக்கொண்டிருந்தாள். கறுப்புக் குண்டைக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு, தன் கட்டிலோரம் தரையில் அமர்ந்தார் மேஸ்திரி. குண்டு அவரை நோக்கி இறங்கியது. பாதி தூரத்தில் நின்றது. அந்த வாட்டத்தில் எந்தக் குண்டும் நிற்காது என்பது அவருக்குத் தெரியும். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. மேஸ்திரி குனிந்து, தரையோடு தரையாக உள்ளங்கையை விரித்தார். பூனைக்குட்டியை அழைப்பதுபோல் விரல்களை மெல்ல அசைத்து, அவள் காதில் விழாமல் கூப்பிட்டார்:

"வா... இங்க வா."