பீரோவில் ஒரு களிம்பு

எனக்குத் தெரிந்த இந்தி காய்கறி இந்தி. பேரம் பேசவும், ரிக்‌ஷாக்காரரிடம் மீட்டர் போடச் சொல்லவும், சிலிண்டர் ஏன் வரவில்லை என்று கேட்கவும் அது போதும். வேலைக்கு வரும் பெண்ணோடு மராத்தியில் சண்டைகூடப் போடுவேன். கல்யாணமாகிக் கோயம்புத்தூரிலிருந்து புனேக்கு வந்து, சாங்வியில் வீடு வாங்கி, மகளை வளர்த்துப் பெங்களூருக்கு வேலைக்கு அனுப்பியது வரை இந்தக் காய்கறி பாஷையிலேயே காலம் தள்ளிவிட்டேன். டாக்டரிடம் போனால் மட்டும் வாயைத் திறப்பதில்லை. அங்கே என் வீட்டுக்காரர்தான் பேசுவார்.

மகள் வயிற்றில் இருந்தபோது ஏற்பட்ட பழக்கம் அது. அப்போது எனக்கு ஒரு வார்த்தை இந்தி தெரியாது. வலி என்னுடையது, விவரம் அவருடையது. பிறகு காய்ச்சல், பல்வலி, முழங்கால் என்று எது வந்தாலும் அதே ஏற்பாடுதான். அவர் சாகணில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறார். எப்போது தொடங்கியது, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, என்ன செய்தால் கூடுகிறது என்று வரிசையாகச் சொல்வார். டாக்டர்களுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவேன். பழுதான பாகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டு பேர் பேசிக்கொள்கிற மாதிரி இருக்கும்.

மாதவிலக்கு நின்றபோது விட்டது சனி என்றுதான் நினைத்தேன். கோயிலுக்கு நாள் பார்க்க வேண்டாம், ஊருக்குப் போகும்போது பையில் அதை வைத்தோமா என்று பதற வேண்டாம். அந்தச் சந்தோஷம் ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. எரிச்சல் தொடங்கியது. பச்சை மிளகாய் நறுக்கிய கையைக் கண்ணில் வைத்துவிட்டால் இருக்குமே, அந்த எரிச்சல், வேறு இடத்தில். நடந்தால், உட்கார்ந்தால், சுடிதாரின் தையல் பட்டால். ஒன்றுக்குப் போனால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

எல்லாவற்றிலும் மோசம் ஞாயிற்றுக்கிழமை மதியம். மற்ற நாட்களில் கம்பெனி பஸ் விடியும்முன் வந்துவிடும், அவர் திரும்பும்போது சோர்ந்திருப்பார். அதனால் எங்கள் நெருக்கம் எல்லாம் ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகுதான். எனக்கும் அந்த மதியங்கள் பிடித்துத்தான் இருந்தன, இதைச் சொல்வதில் என்ன வெட்கம்? இப்போது உப்புத்தாளால் தேய்க்கிற மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, இட்லிக்கு அரிசி ஊறப்போட்டோமா, உளுந்து இருக்கிறதா என்று யோசிப்பேன். சில வாரம் தலைவலி என்பேன். சில வாரம் அவர் குறட்டையைச் சாக்கு வைத்து மகளின் அறையில் போய்ப் படுத்துக்கொள்வேன். அவர் ஒன்றும் கேட்கமாட்டார். முகம் மட்டும் சின்னதாகிவிடும். அதைப் பார்க்கச் சகிக்காமல் அடுத்த வாரம் நானே கதவைச் சாத்துவேன்.

சொல்லியிருக்கலாமே என்று யாரும் சுலபமாகக் கேட்கலாம். எந்த வார்த்தையில் சொல்வது? உடம்பின் அந்தப் பாகத்துக்கு எனக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் தெருச்சண்டையில் காதில் விழுந்தது. அம்மா சொல்லிக் கொடுத்தது "கீழ" என்கிற ஒரே சொல். அதற்குள் எதை அடைக்க முடியும்? கடைசியில் பாதியைச் சொன்னேன்.

"ஏனுங்க, ஒண்ணுக்குப் போனா எரியுதுங்."

அவர் அந்தப் பாதியை எங்கள் குடும்ப டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போய் வரிசையாகச் சொன்னார். சிறுநீர்ச் சோதனை, மாத்திரை, நிறையத் தண்ணீர். மாத்திரை தீர்ந்ததும் எரிச்சல் திரும்பியது. மறுபடி சோதனை, வேறு மாத்திரை. சோதனையில் கிருமி ஒன்றும் இல்லை என்று வந்தபோதும் மாத்திரை நிற்கவில்லை. அவர் கம்பெனியிலிருந்து வரும் வழியில் இளநீர் வாங்கி வருவார். காலையில் எழுந்து தானே பார்லிக் கஞ்சி காய்ச்சி வைப்பார். இவ்வளவு அக்கறையாக இருக்கிற மனுஷனிடம், நோய் நீங்கள் சொன்ன இடத்தில் இல்லை என்று எப்படிச் சொல்வது? அந்த அக்கறைக்குள் நான் மூச்சு முட்டிக் கிடந்தேன். இப்படியே வருஷங்கள் போயின. கடைசியில் அந்த டாக்டரே சலித்துப்போய், பெண்கள் டாக்டரைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

ஔந்தில் இருந்த அந்தப் பெண்கள் டாக்டர் மராத்திக்காரர், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிவிட்டிருந்தார். என் வீட்டுக்காரர் வழக்கம்போல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். டாக்டர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, நீங்கள் வெளியே உட்காருங்கள் என்றார். என் மனைவிக்கு இந்தி தெரியாது என்று இவர் சொன்னார். எனக்குத் தெரியும் என்றார் டாக்டர்.

கதவு சாத்தியதும் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். டாக்டர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, குழந்தைக்குச் சொல்வது போல் கேட்டார். சூகா லக்தா ஹை? காய்ந்த மிளகாயை அப்படித்தான் கேட்டு வாங்குவேன், அதனால் புரிந்தது. வறட்சியாக இருக்கிறதா என்கிறார். தலையாட்டினேன். ஜலன்? எரிச்சல். ஆட்டினேன். புருஷனோடு இருக்கும்போதும் எரிகிறதா? அதற்கு ஆட்ட முடியவில்லை, அழுதுவிட்டேன்.

மாதவிலக்கு நின்றபின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிடுகிறது, அதனால் அங்கே தோல் மெலிந்து உலர்ந்து போகிறது, ஒன்றுக்குப் போனால் எரிவதும் அதனால்தான் என்று பரிசோதித்தபின் சொன்னார். நிறையப் பெண்களுக்கு வருகிறதாம், சொல்வதுதான் இல்லையாம். உள்ளே வைக்கும் களிம்பு ஒன்றை எழுதினார். முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இரண்டு நாள். வெளியே வந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நோய்க்குப் பெயர் இருக்கிறது, மருந்து இருக்கிறது, என் புத்தி பிசகவில்லை.

அந்தக் களிம்பை வாங்கியது அவர். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தார். பஞ்சாயத்து பத்திரம் மாதிரி நீளமான தாள். மேலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை. கருப்பைப் புற்றுநோய், மார்புப் புற்றுநோய், பக்கவாதம். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அவருடைய அக்கா மார்புப் புற்றுநோயில்தான் போனார்கள். கடைசி மாதங்களில் லீவு போட்டுவிட்டுப் போய் ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர் இவர்.

"இது வேண்டாம் அம்மிணி. நான் விசாரிக்கறேன். ஒரு வாரம் பொறுத்துக்க."

"டாக்டர் சொன்னாங்களேங்."

"டாக்டரு என்ன, எழுதிக் குடுத்துட்டுப் போயிருவாங்க. இருக்கறது நாம ரெண்டு பேரு."

களிம்பைப் பீரோவின் மேல்தட்டில், பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். பூட்டவில்லை. அந்தப் பீரோச் சாவி என் இடுப்பில்தான் இருக்கும். அவருடைய அக்காவுக்கு வந்தது என் ரத்தத்தில் எப்படி ஏறும் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்க எனக்கும் தெம்பு இல்லை. அவர் பயம் என்னைத் தொற்றிக்கொண்டது. புடவை எடுக்கப் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சின்னப் பெட்டி தெரியும். கை போகும், பாதியில் திரும்பிவிடும். ஒரு வாரம் என்றவர் விசாரித்துக்கொண்டே இருந்தார். தேங்காய் எண்ணெய் தடவு என்றார், கற்றாழை வாங்கி வந்தார். நான் இரண்டையும் செய்தேன். திறந்து கிடக்கிற கதவுக்குள் அடைபட்டுக் கிடப்பது எப்படி என்று என்னிடம் கேளுங்கள். மழைக்காலம் முழுக்க அப்படித்தான் கிடந்தேன், ஞாயிறு மதியங்கள் உட்பட.

ஒருநாள் காய்கறி வாங்கப் பையை எடுத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினேன். மழையில் சாலை குண்டும் குழியுமாக இருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் உயிர் போய் வந்தது. மண்டிக்குத் திரும்பும் இடத்தில், நேராகப் போங்கள் என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. அந்தப் பெண்கள் டாக்டரின் ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பெண், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டாள். காலிப் பையைக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டாள்.

டாக்டரிடம் என் காய்கறி இந்தியில் எல்லாவற்றையும் கொட்டினேன். ஆண்பால் பெண்பால் எல்லாம் உதைத்துக்கொண்டு கிடந்திருக்கும். தாள், கட்டம், வீட்டுக்காரரின் அக்கா, பீரோ. டாக்டர் பொறுமையாகக் கேட்டார். அந்த எச்சரிக்கை முக்கியமாக வாயால் சாப்பிட்டு உடம்பு முழுக்கப் போகும் ஹார்மோன் மாத்திரைகளைப் பார்த்து எழுதியது, இந்தக் களிம்பு அளவில் கொஞ்சம், பெரும்பாலும் வைத்த இடத்திலேயே நின்றுவிடும், உங்களுக்கு அந்த மாதிரி நோய் எதுவும் இருந்ததில்லை, பயப்படாமல் வையுங்கள் என்றார். எப்போதாவது ரத்தம் கசிந்தால் மட்டும் உடனே வரச் சொன்னார். வழியில் மறக்காமல் வெண்டைக்காயும் கொத்தமல்லியும் வாங்கிக்கொண்டு வந்தேன். காலிப் பையோடு திரும்பினால் என்ன பதில் சொல்வது?

அன்றைக்கே பெட்டியைக் கீழே இறக்கினேன். மகளின் அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, களிம்பை உள்ளே வைக்கக் கூடவே வந்த சின்ன பிளாஸ்டிக் குழாயோடு மல்லுக்கட்டினேன். முதல் தடவை களிம்பில் பாதி படுக்கைவிரிப்புக்குப் போயிற்று. தினமும் வைப்பது முடிந்தபிறகு செவ்வாயும் வெள்ளியும் என்று வைத்துக்கொண்டேன். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாட்கள், மறக்காது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றப் போகும்போது கால் தயங்கியது. நின்றுபோன தீட்டு மறுபடி வந்த மாதிரி ஒரு கூச்சம். இதென்ன கூத்து, மருந்துக்குமா தீட்டு என்று என்னையே திட்டிக்கொண்டு ஏற்றினேன்.

எரிச்சல் என்றைக்குப் போனது என்று சொல்ல முடியாது. ஒருநாள் தரையில் சம்மணம் போட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, வலியில்லாமல் உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றியது. கீரையை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சொல்லத்தான் ஆளில்லை.

அடுத்த ஞாயிறு காலை, கழுவிக் குளியலறையில் காய வைத்திருந்த களிம்புக் குழாயை அவர் பார்த்துவிட்டார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"எங்கிட்டச் சொல்லாம வெச்சுட்டு இருக்கறயா?"

"ஆமாங்."

"அக்காளுக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுமா? அப்படி என்ன தாங்க முடியாத எரிச்சல் உனக்கு? ஒண்ணுக்குப் போறப்பத்தான?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அடுப்பை அணைத்தேன்.

"ஒண்ணுக்குப் போறப்ப மட்டும் இல்லீங். நீங்க தொட்டா எரியுதுங். நெம்ப வலிக்குதுங்."

சொல்லிவிட்டேன். இதற்கு எந்தக் கெட்ட வார்த்தையும் தேவைப்படவில்லை, அம்மாவின் "கீழ"கூடத் தேவைப்படவில்லை.

"எத்தன நாளா?"

"நாலஞ்சு வருசம் இருக்குங்."

"நீ சொல்லவே இல்லயே அம்மிணி."

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

அவர் உதடு அசைந்தது. எதையோ பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர் போல இருந்தார்.

"அப்ப… அத்தன தடவையுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். சில தடவை இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் அத்தனை வருஷம் பல்லைக் கடித்தவள் நான்.

"ஆமாங்," என்றேன்.

பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் குழாயை மெதுவாக வைத்துவிட்டுப் போனார். அன்று மதியம் ஹாலில் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

இப்போது களிம்பு தீருவதற்கு முன்பே புதிது வாங்கி வந்துவிடுகிறார். தாளைப் பிரிப்பதில்லை. டாக்டரிடம் நான் தனியாகப் போகிறேன், வெளியே ஸ்கூட்டரில் காத்திருக்கிறார். எனக்கு வலி இல்லை, இதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். சரி என்கிறார். ஆனால் என்னைத் தொடுவதில்லை. டம்ளரைக் கையில் வாங்கும்போது விரல் பட்டால்கூட, "வலிக்குதா?" என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை பார்க்கிறார். கட்டிலின் ஓரத்தில், விழுந்துவிடுவாரோ என்று பயப்படும்படி, முதுகைக் காட்டிப் படுக்கிறார்.

ஞாயிறு மதியம் வருகிறது. பக்கத்தில் படுத்து அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வலிக்கிறது என்று சொல்வதற்கே எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. இப்போது, வாங்க என்று சொல்ல வேண்டும்.