கரண்ட் பிக்கப்பில ஒரு ‘டிக்’

கராஜ் தொழிலில கையில படுகிற ஊத்தையைக் கழுவிப்போடலாம். ‘எனக்குத் தெரியேல்லை’ எண்ட சொல்லை வாயில இருந்து வெளியில எடுக்கிறதுதான் பெரிய வில்லங்கம். நீங்களும் பட்டிருப்பியள். வண்டியில சத்தம் வருது எண்டு மெக்கானிக்கிட்டப் போவியள். அவன் ஏறி ஒரு சுற்று ஓடிட்டு வந்து ‘ஒண்டுமில்லை’ எண்டுவான். வீட்டுக்குத் திரும்பேக்க அதே சத்தம் உங்களைப் பார்த்துப் பல்லிளிக்கும். அந்த மெக்கானிக் நான்தான். திருகோணமலை உட்துறைமுக வீதிக்குப் பின்னால முப்பத்தஞ்சு வருஷமாக் கராஜ் வைச்சிருக்கிறன். பேர் குணம். வாசிச்சு முடிச்சிட்டு ஏசுங்கோ.

ஃபோனில பார்த்த வைத்தியம்

என்ர பேர் ஊரில பரவினது கையால இல்லை, காதால. வண்டி கேற்றுக்குள்ள வரேக்கையே இன்ன இடத்தில பிழை எண்டு சொல்லிப்போடுவன். கிளிவெட்டியில நெல் லொறி வைச்சிருக்கிற யோகன், சில வருஷத்துக்கு முன்னம் வயல்கரையில நிண்டு ஃபோன் எடுத்தார். லொறி கத்துதாம், நெல் சூடடிப்பு நேரமாம், கொண்டு வர ஏலாதாம். “ஃபோனை எஞ்சினுக்குக் கிட்டப் பிடியுங்கோ” எண்டன். கேட்டன். தண்ணிப் பம்பின்ர பெயாரிங் எண்டு சொன்னன். அங்கேயே கழட்டிப் பார்த்திருக்கினம், அதேதான்.

அடுத்த கிழமை ஒரு மூட்டை அரிசியோட வந்து நிண்டார். “பாஸ், உங்கட காதை ஒரு மாசத்துக்கு இரவலாத் தருவியளோ? நெல்லு வெட்டு முடியத் திருப்பித் தாறன்.”

எஞ்சின் இல்லாத வண்டி

இந்த வருஷம் வந்தா நஸ்ரியா. இறக்கக்கண்டியில மீன் எடுத்து, ஐஸ் போட்டு, நிலாவெளி ஹோட்டல்களுக்கும் ரவுண் சந்தைக்கும் குடுக்கிறவ. தானே ஓட்டுவா. தோகாவில இருக்கிற தம்பி வாங்கிக் குடுத்த கரண்ட் பிக்கப். ‘விளையாட்டுச் சாமானில மீன் ஏத்துறா’ எண்டு கரையில எல்லாரும் பகிடி பண்ணுகினமாம். அதுக்குள்ள முன்பக்கத்தில ஒரு சத்தம் வரத் துடங்கிட்டுது. பிறேக் பிடிச்சால் ‘டிக்’, வெளிக்கிட்டால் ‘டிக்’. ஊரில அது இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது, தெரிய முதல் திருத்த வேணும் எண்டா.

நான் ஏறி ஓடினன். பஞ்சு மாதிரிப் போகுது. ஒரு சத்தமும் இல்லை. இறங்கி, பெரிய ஆள் மாதிரிக் கையைத் துடைச்சுக்கொண்டு, “புது வண்டி தங்கச்சி, உங்களுக்கு மனப்பிராந்தி” எண்டன். அவ கோபப்படேல்லை. ஆறுதலாத்தான் சொன்னா: “எஞ்சின் சத்தம் இல்லாத வண்டி அண்ணன். ஊடு போய்ச் சேருமட்டும் அந்த ‘டிக்’ ஒண்டோடதான் நான் கதைச்சிக்கிட்டுப் போறன். இல்லாததோட எப்பிடிக் கதைக்கிற?”

மாத்தத் தேவையில்லாததை மாத்தினது

ரெண்டாம் முறை வரேக்க எனக்குக் கொஞ்சம் ரோசம். ஒண்டும் செய்யாமல் அனுப்ப ஏலாதே. முன் சில்லுக்குப் பக்கத்தில ஒரு சின்னக் கம்பி, ரெண்டு முனையிலயும் குமிழ் இருக்கும். எந்த வண்டியிலயும் சத்தம் எண்டால் பாதி நாள் அதுதான் காரணம். அதை ரெண்டு பக்கமும் மாத்திப்போட்டு, நானே ஓடிப் பார்த்து, நல்லா வந்திட்டுது எண்டு அனுப்பினன்.

மூண்டு நாள் போகேல்லை, வாசலில வண்டி நிக்குது. அது வந்தது எனக்குத் தெரியாது. நிமிர்ந்து பார்த்தால் முன்னால நிக்குது. கரண்ட் வண்டி அப்பிடித்தானே எண்டு எனக்கு நானே சமாதானம் சொன்னன். அவ கண்ணாடியை இறக்கினா. “புதுச்சாமான் போட்டபடியால் அண்ணன், ‘டிக்’ இப்ப இன்னும் துப்பரவாக் கேக்குது.”

இப்ப கேட்டதா?

இந்தமுறை அவ ஓட்டினா, நான் பக்கத்து சீற்றில. உப்புவெளிப் பக்கமாப் போறம். பள்ளம் ஒண்டு வர பிறேக் பிடிச்சா. “இப்ப கேட்டதா?” எண்டா. நான் காதைக் கூராக்கிக்கொண்டு இருந்தன். ஒண்டுமில்லை. இன்னொரு பள்ளம். “இப்ப?” ஒண்டுமில்லை. இவ்வளவு பேர் எடுத்தவன், ஒரு பொம்பிளைப்பிள்ளைக்குக் கேக்கிறது எனக்குக் கேக்கேல்லையாம் எண்டு எந்த வாயால சொல்லுறது?

கொஞ்சத் தூரம் போக, புதுசாத் தார் போட்ட இடத்தில திரும்பவும், “இப்ப கேட்டதா அண்ணன்?” எண்டா. நான் தலையை ஆட்டி, “ஓம் ஓம், இப்ப வடிவாக் கேட்டது. இடது பக்கம்” எண்டு சொல்லிப்போட்டன். இடது பக்கம் எண்டு வேற! அவ வண்டியை ஓரம் கட்டினா. என்ர முகத்தை நேர பார்த்தா. “நான் சும்மா கேட்டன் அண்ணன். இப்ப சத்தம் ஒண்டும் வரல்ல.”

வாப்பாவும் போட் எஞ்சினும்

எனக்கு வந்த வெக்கத்துக்கு இறங்கி நடந்தே வந்திருப்பன். கதவுப் பிடியில கை வைச்சும்போட்டன். அவ றோட்டைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னா, விளங்கேல்லை. பிறகு என்ர பக்கம் முகத்தைத் திருப்பி, ஆறுதலா, “இருங்க அண்ணன், போகாதீங்க” எண்டு ஒவ்வொரு சொல்லாச் சொன்னா. அது விளங்கினது. அப்பதான் எனக்கே பிடிபட்டது: நான் கொஞ்சக் காலமா ஆக்களின்ர வாயைப் பார்த்துத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறன். வீட்டில டிவி சத்தத்துக்கு மனிசி ஏசினது, கராஜில ‘என்ன, என்ன’ எண்டு கேட்டிட்டு கொம்பிரசரில பழியைப் போட்டது, வாசலுக்கு வந்த வண்டி தெரியாமல் நிண்டது, எல்லாம் ஒண்டா வந்து முன்னால குந்தினது.

அவவின்ர வாப்பா முப்பது வருஷம் போட் எஞ்சினுக்குப் பக்கத்தில இருந்தவராம். காது போனது முதல்ல அவருக்குத் தெரியாது, தெரிஞ்ச பிறகும் சொல்லேல்லை. ஒரு நாள் கடலில பக்கத்துப் போட்காரன் கத்திக் கூப்பிட, கேட்டது மாதிரிக் கையைக் காட்டிட்டு நேர போய் அவன்ர வலையை வெட்டிக்கொண்டு போயிட்டாராம். “அந்த ஆள் ஏசினது காது போனதுக்கு இல்ல” எண்டா. எனக்குப் பயம். காது போயிட்டுது எண்டு ஊருக்குத் தெரிஞ்சால் என்ர கராஜுக்குப் பூட்டுத்தான். அதையும் சொன்னன் அவவுக்கு, ஏன் சொன்னன் எண்டு தெரியாது. அவ என்னைப் பார்த்துச் சொல்லிப்போட்டுத்தான் வண்டியைத் திரும்ப எடுத்தா. “கேக்காட்டிப் பரவாயில்ல அண்ணன். கேட்டதெண்டு மட்டும் சொல்லாதீங்க.”

உள்ளங்கை

கராஜுக்கு வந்து, வண்டியை ராம்பில ஏத்தி, அவவை சீற்றிலேயே இருக்கச் சொன்னன். பிறேக்கை இறுக்கி மிதிச்சுக்கொண்டு கியரை முன்னுக்கும் பின்னுக்குமா மாத்த வேணும். நான் கீழ படுத்தன். முன் மோட்டரையும் முன் சில்லுகளையும் தாங்கிறதுக்கு ஒரு இரும்புச் சட்டம் இருக்கு, சப்ஃபிரேம் எண்டுறது. அது வண்டியின்ர உடம்போட நேர முட்டாமல் நாலு மூலையிலயும் றப்பர் புஷ் இருக்கும். நான் ஒவ்வொரு மூலையா உள்ளங்கையை வைச்சுக்கொண்டு போனன். முன் மூலை ரெண்டும் பேசாமல் கிடந்தது. இடது பின் மூலையும் அப்பிடித்தான். வலது பின் மூலையில கை வைச்ச உடனே, சாக்குக்குள்ள உயிர் மீன் துள்ளின மாதிரி ஒரு இடி.

வலது பக்கம், பாருங்கோ. கரையில மீன் ஏத்த வண்டியை ஈரமணலுக்குள்ள இறக்கி இறக்கி, உப்புத்தண்ணி போய் றப்பர் இரும்பில இருந்து விட்டுப்போச்சு. “பிடிச்சிட்டன், பிடிச்சிட்டன்!” எண்டு கத்தினன். அவ குனிஞ்சு பார்த்தா. “ஒண்டரை மாசமா நான் சொன்னத உங்கட கை ஒரு நிமிசத்தில நம்பிட்டுது.”

தோகாப் பார்சல்

கொழும்பில கேட்டால் புஷ் தனியா வராதாம், முழுச் சட்டமும் வாங்க வேணுமாம். நஸ்ரியாவின்ர தம்பி தோகாவில தேடிப் பிடிச்சு, லீவில வந்த ஒரு ஆளிட்ட நாலு புஷ்ஷும் குடுத்து விட்டார். பால்மாப் பக்கெற்றுக்கும் சொக்கிளேற்றுக்கும் நடுவில சுத்தி வந்தது. இனிப் பழசைக் கழட்ட வேணும். உப்பில இறுகிப்போய்க் கிடந்த புஷ்ஷைத் தள்ளுறதுக்கு ஆயுதம் இல்லை. பக்கத்துக் கடையில லேத் வைச்சிருக்கிற அன்சார் நானா, தடிச்ச பைப் ரெண்டு துண்டும் ஒரு நீட்டுப் போல்ட்டும் வைச்சு ஒரு இழுவைச் சாமான் செய்து தந்தார். என்னைவிட ஆறு வயசு மூப்பு, அதுதான் ‘நானா’ எண்டுறது. இருபது வருஷமாப் பக்கத்துப் பக்கத்தில இருக்கிறம்.

ஆனால் வண்டிக்குக் கிட்ட வரமாட்டன் எண்டு நிண்டார். பெரிய கரண்ட் ஓடுற செம்மஞ்சள் வயரைக் கண்டால் பயம். நான் மெயின் பிளக்கைக் கழட்டி, தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து, மீற்றரை வைச்சுக் கரண்ட் இல்லை எண்டு காட்டினன். சட்டம் இருந்த இடத்துக்கு வெள்ளைப் பெயின்ற்றால கோடும் போட்டன். ஒரு நூல் விலகினாலும் ஸ்டியரிங் நேர நிக்காது. இவ்வளவும் பார்த்திட்டும் மனுசன் அசையேல்லை. “குணம், லேத் கடிக்க முதல் சத்தமாவது போடும். இந்தச் சனியன் சத்தம் போடாமல் ஆளைக் கொண்டுபோயிடும்.”

முன்பக்கத்தால வந்தவர்

ரெண்டு நாள் வேலை. நாலு புஷ்ஷும் மாத்தி, சட்டத்தைக் கோட்டுக்கு நேர ஏத்தி, போல்ட் இறுக்கிற கட்டம். அதுக்கு ஒரு நீட்டுச் சாவி இருக்கு. போதிய அளவு இறுகினால் ‘டிக்’ எண்டும். அதுக்கு மேல இறுக்கினால் போல்ட் கெடும், குறைச்சால் கழரும். அந்த ‘டிக்’ என்ர காதுக்கு எட்டாது, சாவி உதறுறது கைக்குத் தெரியும்தான். எண்டாலும் அண்டைக்கு எனக்கு என்னில நம்பிக்கை விட்டுப்போச்சு. முதல் போல்ட்டை இறுக்கிறன், நிப்பாட்டுறன், திரும்ப யோசிக்கிறன். பார்த்தால் அன்சார் நானா, செம்மஞ்சள் வயரையும் மறந்து, வண்டிக்குக் கீழ வந்து என்ர முகத்துக்கு நேர குந்திக்கொண்டிருக்கிறார். சாவியில சத்தம் வந்த உடனே வாயைத் திறந்து “டிக்” எண்டார். அடுத்த போல்ட். “டிக்.” நாலுக்கும் சொன்னார்.

நான் சாவியைக் கீழ வைச்சிட்டு, “நானா, உங்களுக்கு எப்ப தெரியும்?” எண்டு கேட்டன். அவர் சாறத்தில கையைத் துடைச்சார். “ரெண்டு வருஷம் இருக்கும். பின்னால நிண்டு கூப்பிட்டன், நீ திரும்பேல்ல. அண்டையில இருந்து நான் முன்பக்கத்தாலதான் வாறன்.”

ஓடிப் பார்த்தது

வேலை முடிஞ்சு நஸ்ரியா ஓட்ட, நான் பக்கத்தில. முப்பத்தஞ்சு வருஷத்தில, ஓடிப் பார்த்து நல்லா வந்திட்டுது எண்டு சொல்லாமல் நான் வாய் மூடி இருந்தது அதுதான் முதல் தரம். சத்தம் போச்சோ இல்லையோ எண்டு எனக்குத் தெரிய வழியில்லை. அவவின்ர முகத்தைப் பார்த்துக்கொண்டு, சோதனை முடிவுக்கு நிக்கிற பிள்ளை மாதிரி இருந்தன். உப்புவெளி போச்சு, பள்ளம் எல்லாம் போச்சு, நிலாவெளியும் வந்திட்டுது. அவ வேணுமெண்டே பிறேக்கை மிதிச்சா, திரும்ப எடுத்தா, திரும்ப மிதிச்சா.

கடைசியா என்ர பக்கம் முகத்தைத் திருப்பினா. “அந்த ‘டிக்’ போயிட்டு அண்ணன். இப்ப பின்னால ஐஸ்பெட்டி மூடி அடிக்கிறது கேக்குது. அத எப்ப பார்ப்பீங்க?”

இரவல் கேட்டவர்

போன மாசம் ஃபோன் அடிச்சது. கிளிவெட்டி யோகன். ஃபோனில சத்தத்தை முழுக்கக் கூட்டிவைச்சால்தான் எனக்குக் கதை பிடிபடும். லொறி திரும்பவும் கத்துதாம். “பாஸ், எஞ்சினுக்குக் கிட்டப் பிடிக்கிறன், கேளுங்கோ” எண்டார். கிட்டப் பிடிச்சார். எனக்கு ஒரு இரைச்சல் மட்டும்தான். நாக்கு நுனியில ‘பெயாரிங்’ எண்ட சொல் வந்து நிண்டது. பத்தில ஒம்பது தரம் சரியாயும் இருக்கும். முழுங்கினன். “யோகன், எனக்குக் காது கேக்கிறது நல்லாக் குறைஞ்சுபோச்சு. ஃபோனில இனிப் பிழை பிடிக்க என்னால ஏலாது. வண்டியைத் தொட்டுப் பார்த்தால் சொல்லுவன். வேற ஆளிட்டக் காட்டுறதெண்டாலும் காட்டுங்கோ” எண்டு சொல்லிப்போட்டன். போச்சு, முதல் வாடிக்கை போச்சு எண்டு ஃபோனைக் காதோட வைச்சபடி நிண்டன்.

பிறகு எனக்குக் கேக்கட்டும் எண்டோ என்னவோ, முழுப் பலத்தோடையும் கத்தினார்: “நாசமாப் போச்சு! அப்ப இனி ஒவ்வொரு தரமும் கிளிவெட்டியில இருந்து லொறியை உங்களிட்டக் கொண்டு வரவேணுமோ?”

முப்பத்தஞ்சு வருஷம் என்ர காதை ஊருக்கு இரவல் குடுத்தவன், இப்ப வாடிக்கைக்காரரின்ர காதையும் அன்சார் நானாவின்ர வாயையும் இரவல் வாங்கித்தான் கராஜ் நடத்துறன், எண்டாலும் முந்தியைவிட இப்ப நான் பிழையாச் சொல்லுறது குறைவு.