கவிதாவின் பல்பு நடுங்கவில்லை

நூறு வாட்ஸ் குண்டு பல்பு. என் மேசையில் துடித்துக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்தால் கண்ணில் நீர் வந்துவிடும்...

2008. சிதம்பரத்தில் இன்ஜினியரிங் கடைசி வருடம். எனக்கும் கவிதாவுக்கும் ஏறக்குறைய ஒரே புராஜெக்ட். மைக்ரோகன்ட்ரோலர் வைத்து பல்பின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது. வீட்டுக் கரண்டின் வோல்டேஜ் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போகும். அந்தக் கணத்தைச் சரியாகப் பிடித்தால் வெளிச்சம் நிற்கும். தவறினால் நடுங்கும்.

எனக்கு நடுங்கியது. அவளுக்கு முதல் வாரமே நின்றது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டிலேயே கம்ப்யூட்டர் இருந்தது. அவள் குமராட்சி கிராமத்திலிருந்து மினிபஸ்ஸில் வருவாள். புரோகிராமை நோட்டில் பென்சிலால் எழுதிவந்து லேபில் டைப் அடிப்பாள். எனக்கு வயிறு எரிந்தது. வேறென்ன சொல்ல.

"முரளி, பூஜ்யம் வரும்போது வர்ற பல்ஸ் ஏறும்போதும் எடுக்கற, எறங்கும்போதும் எடுக்கற. ஒண்ண மட்டும் எடுத்துப் பாரு" என்றாள் ஒருநாள்.

"தெரியும், பாத்துக்கறேன்."

அவள் சொன்னாள் என்பதற்காகவே இரண்டு நாள் மாற்றவில்லை. மூன்றாம் நாள் லேபில் யாரும் இல்லாதபோது மாற்றினேன். பல்பு அசையாமல் நின்றது. அவளிடம் சொல்லவில்லை.

புராஜெக்ட் ரிவ்யூ அன்று காலை, பூஜ்யத்தைக் கண்டு போர்டுக்குச் சொல்லும் சின்ன ஐசி அவளுக்குக் கருகிப்போனது. பாண்டிச்சேரி போனால்தான் கிடைக்கும்.

"உங்கிட்ட இன்னொண்ணு இருக்கா?"

"இல்லியே கவிதா."

என் சட்டைப்பையில்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் போர்டையே பார்த்தாள். பிறகு, போர்டுக்குப் பவர் தரும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தே ஒரு ஒயரை இழுத்து, ஒரு ரெசிஸ்டரும் டிரான்சிஸ்டரும் வைத்து அதிலேயே பூஜ்யத்தைப் பிடித்துவிட்டாள். அரை மணி நேரம்தான்.

"அந்த ஐசியே இல்லாமப் பண்ணிட்டியாம்மா?" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார் ரிவ்யூவுக்கு வந்த எக்ஸாமினர். என் பல்பை நின்றபடியே பார்த்துவிட்டுப் போனார்.

இப்போதெல்லாம் இந்த வேலைக்கு ரெடிமேட் மாட்யூல் இருக்கிறது. போனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வருகிறது. கருகினால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்தது. யாரிடமும் போய்க் கேட்க வேண்டாம்... யாரும் பொய் சொல்லவும் வேண்டாம்.

நான் கடலூரில் யூபிஎஸ் சர்வீஸ் செய்கிறேன். அவள் பெங்களூரில் சர்க்யூட் டிசைன் செய்கிறாள். போன மாதம் போனில் பேசும்போது சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு எங்கிட்ட ஐசி இருந்துச்சு கவிதா. இல்லேன்னு பொய் சொன்னேன்."



"நல்லவேள குடுக்கல முரளி. இன்டர்வியூல அந்த டிரான்சிஸ்டர் சர்க்யூட்டத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அதுலதான் வேலையே கெடச்சிது."

சிரித்தாள். உண்மையான சிரிப்பு.

அவள் கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.